ஏழு நின்ற இடம்

ஒரு மழைக்காலத்தில் மூன்று கிழமை நான் பேயாக இருந்தேன். அந்தப் பேயைப் பற்றி மற்றவர்கள் பயந்து கதைப்பதைக் கேட்டுக்கொண்டு, அவர்களோடு ஒரே மர வாங்கில் இருந்து தேத்தண்ணீர் குடித்தேன்.

விரிகுடாவின் ஓரத்தில் உள்ள சிறிய விமான ஓடுபாதையில் எனக்கு வேலை. புல் வெட்டுவது, பறவை கலைப்பது, ஓடுபாதையில் கிடக்கும் கல், கம்பி, செத்த பாம்பு எதுவானாலும் பொறுக்குவது. ஓடுபாதையின் ஒரு நுனி துறைமுகத் தண்ணீர்ப் பக்கம், மற்ற நுனி ஈச்சம்பற்றைப் பக்கம். நடுவில், கொஞ்சம் தள்ளி, கட்டுப்பாட்டுக் கோபுரம். ஒருவரோடும் அதிகம் கதைக்கத் தேவையில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்தது. தம்பலகாமத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது சண்டைக்குப் பயந்து ஊரை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் போகும் வயது போய்விட்டது. ஆனால் கூச்சத்துக்கு அதைக் காரணம் சொல்ல மாட்டேன். அது அதற்கு முந்தியே என்னிடம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வோக்கி தந்தார்கள். விமானம் வருவதற்கு முன் கோபுரத்தில் இருப்பவர், "ஓடுபாதை காலியா?" என்று கேட்பார். "காலி" என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். எனக்கு அந்த ஒரு சொல் வராது. அதனால் பேசாமல் இரண்டு தரம் பொத்தானை அமத்தி அமத்தி விடுவேன். டக், டக். கோபுரத்தில் வேலை செய்த பெண் அதைப் புரிந்துகொண்டார். பட்டினத்துப் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. நான் மிஸ் என்று கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணை என்பார். டக், டக் கேட்டதும் தூரக்கண்ணாடியை எடுத்து எங்களை ஒவ்வொருவராக எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் விமானத்துக்கு, "வா" என்று இங்கிலீஷில் சொல்வார்.

பிறகு தலைக்கண்ணாடி வந்தது.

கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் கொண்டுவந்தார். தமிழர், மெதுவாகக் கதைப்பவர், எல்லோரையும் அண்ணா என்று கூப்பிடுபவர். எங்களை வாகனக் கொட்டகைக்குள் நிற்க வைத்து விளக்கினார். மழையிலும் வெயிற்புழுக்கத்திலும் கோபுரத்திலிருந்து கடல் பக்க நுனி சரியாகத் தெரியாது. இனி மேலே இருப்பவர் இந்தக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டால், எங்கே திரும்பினாலும், விமானம், ட்ரக்டர், ஆள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பச்சைக் கட்டமும் எண்ணும் தெரியும். மழைக்குள்ளாலும் தெரியும். குனிந்து திரையைப் பார்க்க வேண்டாம், கண்ணை வெளியிலிருந்து எடுக்க வேண்டாம். இதற்காக ஓடுபாதைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் அங்கி. அங்கியின் நெஞ்சுப் பையில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, தைத்து மூடிய ஒரு பெட்டி. ட்ரக்டர் மூன்று. நான் ஏழு.

ட்ரக்டர் ஓட்டுபவர் மூதூர்க்காரர், முஸ்லிம், என் வயது. அவர்தான் கேள்வி கேட்டார்.

"சேர், இந்தப் பெட்டி நாங்க மூத்திரம் பெய்யப் போனாலும் காட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பொறியியலாளரும் சிரித்தார். "எங்க நிக்கிறீங்க எண்டு காட்டும் அண்ணா. என்ன செய்யிறீங்க எண்டு காட்டாது."

வெளியே வந்ததும் மூதூர்க்காரர் என் காதுக்குள் சொன்னார். "கேட்டியா மச்சான்? வேலை செய்யிற இடத்தில நிக்கிறமா, நிழலுக்குள்ள படுக்கிறமா எண்டு பாக்கத்தான் இது. நம்மள எண்ணுற மிசின்."

நான் அதை நம்பினேன். பொறியியலாளர் சொன்னதைவிட அது எனக்கு இலகுவாக விளங்கியது.

கண்ணாடி வந்த பிறகு ஓடுபாதையில் ஒரு அமைதி வந்தது. மிஸ் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை, அவருக்கு எல்லோரும் தெரிந்தார்கள். வோக்கியில் சத்தம் குறைந்தது நல்லது, அதனால்தான் பிழை குறையும் என்று பொறியியலாளர் சந்தோசப்பட்டார். எனக்கும் சந்தோசம். டக், டக் கூட வேண்டாம். ஒருவரும் என்னோடு கதைக்காமல், ஆனால் என்னை எப்போதும் ஒருவர் கண்டுகொண்டு இருப்பது புதிதாக இருந்தது. புல்லுக்குள் நின்று கோபுரத்தைப் பார்ப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்பு முகமூடி மெதுவாகத் திரும்பும். என்மேல் வந்ததும் ஒரு கணம் நிற்கும். பிறகு போகும்.

கடல் பக்க நுனியில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நின்று கொக்கும் ஆட்காட்டியும் வந்து இறங்கும். வெடி போட்டால் எழும்பும், ஒரு வட்டம் சுற்றி அதே இடத்தில் இறங்கும். எங்கள் ஊரில் வயலுக்கு வெருளி கட்டுவோம். வெருளிக்கு அலுமாரியில் மடித்து வைத்த சட்டை போடக் கூடாது. உடம்பில் கிடந்த, வியர்வை காயாத சட்டையைக் கழற்றிப் போட வேண்டும். இல்லாவிட்டால் பறவைக்கும் பன்றிக்கும் அது தடி என்று தெரிந்துவிடும். அப்படித்தான் எங்கள் வீட்டில் செய்தார்கள். நானும் பள்ளத்தின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு நன்றாக வெளியே, இரண்டு தடியைக் குறுக்காகக் கட்டி நட்டேன். தலைக்கு ஒரு பழைய எண்ணெய்க் கலன். முதலில் என் பழைய சட்டையைப் போட்டேன். மூன்றாம் நாள் காகம் அதன் தோளில் இருந்தது.

ஒருநாள் வெயில் தாங்க முடியவில்லை. அங்கிக்குள் பெட்டி சூடாகி நெஞ்சில் சுட்டது. கழற்றி, வோக்கியோடு சேர்த்து வெருளியின் தோளில் கொளுவிவிட்டு, வெறும் மேலோடு மண்வெட்டியால் புல் செருக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது பள்ளத்தில் ஒரு பறவையும் இல்லை. அன்று முழுக்க இல்லை.

அதன் பிறகு தினமும் அங்கே போனால் முதல் வேலை அங்கியைக் கழற்றி வெருளிக்குப் போடுவதுதான். பெட்டியை நான் மறக்கவில்லை. அது வேலைத்தலத்தில் இருக்கிறது, நானும் அதற்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறேன், யாரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்தேன். சில நேரம் தூரத்திலிருந்து திரும்பி வரும்போது வெருளியின் தோளிலிருந்து மிஸ்ஸின் குரல் கேட்கும்.

"ஏழு, அங்கேயே நில்லுங்கோ. ஒரு விமானம் போகப்போகுது."

வெருளி அங்கேயே நிற்கும். நான் பற்றைக்குள் நிற்பேன். விமானம் போகும். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு அவர் சொன்னார் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

கார்த்திகை மழை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். கோபுரம் ஒரு நிழல் மாதிரித்தான் தெரிந்தது. நான் யூரியாப் பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தேன். வயலில் மழைக்கு அப்படித்தான் போடுவோம். இடுப்பில் கட்டிய சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அங்கி வெருளியில். பள்ளத்திலிருந்து பார்த்தபோது ஓடுபாதையில் கறுப்பாக ஏதோ அசைந்தது. ஓடுபாதையில் ஏதாவது கிடந்தால் எடுப்பது என் வேலை. போனேன். கிட்டத்தட்ட நடுவரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. ஒரு ஆமை. ஒரு பக்க மழைத்தண்ணீரிலிருந்து மற்றப் பக்கத் தண்ணீருக்கு மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது. பெரியது, பாரம். குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். அது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

மழைக்குள் விமானச் சத்தம் பிந்தித்தான் கேட்கும். முதலில் வெளிச்சம் வந்தது. இரண்டு வெள்ளை வெளிச்சம், முகிலுக்குக் கீழே, என் கண் மட்டத்தில். அது இறங்க வருகிறது என்று தெரிந்தது. ஓட வேண்டும் என்று தெரிந்தது. கால் என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அந்த வெளிச்சத்தின் மூக்கு மேலே உயர்ந்தது. சத்தம் வந்தது. விமானத்தின் வயிறு தலைக்கு மேலால் போனது. சில்லுகளிலிருந்து தண்ணீர் ஒழுகியதைக் கண்டேன். காற்று யூரியாப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் ஆமையோடு ஓடினேன்.

வெருளிக்குக் கிட்ட வந்தபோது அதன் தோள் கத்திக்கொண்டிருந்தது.

"ஓடுபாதையில ஆள்! ஓடுபாதையில ஆள்! ஆரது? மூண்டு, உங்களுக்குத் தெரியுதோ? ஓடுபாதையில ஆள்!"

ஆமையைப் புல்லுக்குள் விட்டேன். அங்கியைக் கழற்றிப் போட்டுக்கொண்டேன். அவசரத்தில் பொத்தானை மாறிப் பூட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாகனம் வந்தது. பொறியியலாளரும் ஒரு மேலதிகாரியும் குடையோடு இறங்கினார்கள்.

"அண்ணா, நீங்க முழுக்க இங்கதானே நிண்டீங்க?" என்று பொறியியலாளர் கேட்டார்.

அவர் கேட்டபடியே பதில் இருந்தது. நான் ஒரு சொல் சொன்னேன்.

"ஓம்."

"பாத்தீங்களா?" என்று அவர் மேலதிகாரியிடம் சொன்னார். "ஏழு இங்கதான். ஒரு அடி அசையேல்ல. பதிவிலயும் அப்படித்தான் கிடக்கு."

அடுத்த நாள் கொட்டகைக்குள் எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் பதிவைக் காட்டினார்கள். தலைக்கண்ணாடி கண்டது எல்லாம் அதில் இருந்தது. சாம்பல் நிற மழை. கொட்டகைக்கு மேலே மூன்று. கடல் பக்கத்தில் பச்சைக் கட்டத்துக்குள் ஏழு, நாற்பது நிமிடம் அசையாமல். ஓடுபாதையில் ஒன்றும் இல்லை. நான் என்னைத் தேடினேன். நடுவில், ஆமை இருந்த இடத்தில், கண்ணை வைத்துப் பார்த்தேன். மழைதான் இருந்தது.

அதுவரைக்கும் பயம் விமானத்தைப் பற்றியது. அன்றிலிருந்து வேறு பயம்.

மிஸ் எழுந்து நின்று சொன்னார். "வியர்வை கண்ணுக்குள்ள போனதால ஒரு நிமிசம் கண்ணாடியைக் கழட்டினனான். வெறுங்கண்ணால கண்டனான். நடுவில ஒரு ஆள். நெஞ்சோட எதையோ அணைச்சுக்கொண்டு. தலை கூம்பா இருந்தது."

"கழட்டக் கூடாதெண்டு சொல்லியிருக்கு," என்றார் மேலதிகாரி.

"ஓம் சேர்."

"இவ்வளவு பேரும் தங்கட தங்கட இடத்தில நிக்கிறாங்கள். வேலிக்குள்ள வேற ஒருத்தரும் வரேல்ல. அப்ப ஆரைக் கண்டீங்கள்?"

மிஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எண்ணுவதுபோல. என் முகத்தில் வந்தபோது நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்றே அவரைக் கோபுரத்திலிருந்து இறக்கினார்கள். இல்லாத ஆளைக் கண்டு விமானத்தைத் திருப்பியவர் மேலே இருக்க ஏலாது. கொழும்பில் கண் வைத்தியரும் மன வைத்தியரும் பார்த்து எழுதித் தர வேண்டும். பிறகு ஒரு குழு கூடும். குழு தகுதியில்லை என்று சொன்னால் இனி வாழ்நாளில் எந்தக் கோபுரத்திலும் அவர் இருக்க ஏலாது. அதுவரைக்கும் கீழே ஒரு அறையில் கதிரை போட்டு, மழை அளவைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதும் வேலை கொடுத்தார்கள். நான் கொட்டகைக்குப் போகும் வழியில்தான் அந்த அறையின் யன்னல். காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் அதைக் கடந்து போனேன்.

தேத்தண்ணிக் கொட்டிலில் பேய் வளர்ந்தது.

"ஆம்பிள இல்ல மச்சான், பொம்புள," என்றார் மூதூர்க்காரர். "பாவாடை காலோட ஒட்டிக் கிடந்ததாம். நெஞ்சில வெச்சிருந்தது புள்ள."

"உனக்கு ஆர் சொன்னது?" என்று கொட்டில்காரர் கேட்டார்.

"ஆர் சொல்லணும்? சுனாமிக்குக் கடல் வந்த நேரம் இந்தப் பக்கத்தால எத்தின பேர் போனது. புள்ளயத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடின ஒருத்தி, இன்னும் ஓடி முடியல்ல. அவ்வளவுதான்."

"தலை கூம்பெண்டாங்க?"

"முக்காடு," என்றார் அவர் உடனே. பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குப் பக்கத்தாலதானே மச்சான் போயிருக்கும்? ஒரு குளிர், ஒரு வாசம், ஒண்டும் இல்லையா?"

"இல்லை," என்றேன்.

"இவனுக்கு எங்க தெரியும்? பேய் வந்து சலாம் சொன்னாலும் இவன் ரெண்டு தரம் பொத்தானத்தான் அமத்துவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் யூரியாப் பை முக்காடாகியிருந்தது. என் சாரம் பாவாடையாகியிருந்தது. ஆமை ஒரு பிள்ளை. அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அவள் தெரியத் தொடங்கினாள். அதுதான் எனக்கு விளங்காதது. நான்தான் அது என்று தெரிந்த ஒரே ஆள் நான். என்றாலும் மழை இருட்டும்போது ஓடுபாதையின் நடுப்பக்கம் திரும்ப எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓடுபாதையின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு தேசிக்காய், வெற்றிலை, எரிந்த கற்பூரத்தின் கறுப்பு. யாரோ வைத்திருந்தார்கள். விமானத்தின் காற்றுக்குப் பறந்து இயந்திரத்துக்குள் போகக்கூடிய எதையும் எடுப்பது என் வேலை. குந்தியிருந்து பொறுக்கினேன். எனக்கு வைத்ததை நானே எடுத்துப் பைக்குள் போட்டேன். தேசிக்காய் கையில் சில்லென்று இருந்தது. அடுத்த வெள்ளியும் வைத்திருந்தார்கள். என் மனைவி திருநீறு பூசாமல் என்னை வேலைக்கு விடவில்லை. "அந்த நுனிக்குத் தனியப் போகாதேங்கோ," என்றாள். அவளிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என் வேலை போகும். அது ஒன்று. மற்றது, எப்படிச் சொல்வது? எந்தச் சொல்லில் தொடங்குவது? யன்னலைக் கடக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு வசனத்தை வாய்க்குள் கட்டிக்கொண்டு போவேன். அவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். நான் கடந்துவிடுவேன். அவரைப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போய்விட்டு வந்தார். குழு கூடும் நாள் சுவரில் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை.

புதன்கிழமையும் மழை. நான் கடல் பக்க நுனிக்குப் போனேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அங்கியைக் கழற்றுவதில்லை. அன்று கழற்றினேன். வெருளிக்குப் போட்டு, பொத்தான் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டினேன். வோக்கியைத் தோளில் கொளுவினேன். வேலி ஓரமாகச் சுற்றி, ஓடுபாதையில் கால் வைக்காமல், கோபுரத்துக்கு நடந்தேன். வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மழைக்குள் மஞ்சளாக, கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு அது நின்றது. அதுதான் வேலையில் இருக்கும் ஆள், நான் வேலிக்குள் களவாகப் புகுந்தவன் என்று ஒரு எண்ணம் வந்தது. வேகமாக நடந்தேன்.

யன்னலில் நின்றேன். ஈரம் சொட்டியது. மிஸ் நிமிர்ந்தார்.

"மிஸ், மேல வாங்கோ," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"எனக்கு மேல வர ஏலாது அண்ணை. தெரியும்தானே?"

"வாங்கோ மிஸ்."

அவர் என் வெறும் மேலைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார்.

கோபுரப் படியில் நான் அதற்கு முன் ஏறியதில்லை. மேலே பொறியியலாளரும், மிஸ்ஸுக்குப் பதிலாக வந்திருந்த ஒருவரும் இருந்தார்கள். அந்த நேரம் விமானம் ஒன்றும் இல்லை. பொறியியலாளர் தலைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணா? நனைஞ்சு போய்…"

நான் கடல் பக்கம் கையை நீட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஓம், ஏழு நிக்குது. என்ன?" என்றார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, அந்தக் கறுப்பு முகமூடியோடு என்னைப் பார்த்தார். "நீங்க எத்தினையாம் நம்பர்?"

"ஏழு," என்றேன்.

மழை கண்ணாடியில் அடித்தது. பொறியியலாளர் தலைக்கண்ணாடியைக் கழற்றி, என்னிடம் ஒன்றும் கேட்காமல், என் தலையில் மாட்டினார்.

முதலில் மழை மட்டும். பிறகு கண் பழகியது. கொட்டகைக்கு மேலே பச்சையாக மூன்று. தூரத்தில், வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில், ஏழு. தெளிவாக, அமைதியாக, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. நான் பக்கத்தில் திரும்பினேன். மிஸ்ஸுக்கு மேலே எண் இல்லை. பொறியியலாளருக்கு இல்லை. குனிந்து என் கையைப் பார்த்தேன். அதற்கும் இல்லை. திரும்ப வெளியே பார்த்தேன். ஏழு இன்னும் நின்றது. நான் இங்கே நின்றுகொண்டு நான் அங்கே நிற்பதைப் பார்த்தேன். அது ஒருநாளும் பிழைவிட்டதில்லை. ஓடுபாதைக்குள் போனதில்லை. பொய் சொன்னதில்லை.

"அது நான் இல்லை," என்றேன். "வெருளி. அண்டைக்கும் அதுதான். நடுவில நிண்டது நான். ஆமை ஒண்டைத் தூக்கப் போனனான்."

பொறியியலாளர் கதிரையில் இருந்துவிட்டார். "ஆளுக்கு மேல கட்டம் வரேல்ல எண்டா ஆள் இல்லையெண்டு நாங்கள்…" என்று தொடங்கி நிறுத்தினார்.

மிஸ் தூரக்கண்ணாடியை எடுத்துக் கடல் பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இறக்கி வைத்தபோது அவருடைய முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"மூண்டு கிழமை," என்றார். "ஒவ்வொரு நாளும் என்ர யன்னலால போனனீங்கள்."

"ஓம் மிஸ்."

"குனிஞ்சுகொண்டு போனனீங்கள். நான் நினைச்சன், எனக்கு விசர் எண்டு பயப்பிடுறார், பாவம் எண்டு. உங்களைப் பார்த்து நான் பாவப்பட்டனான் அண்ணை."

நான் தலைக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டு என்னையே எண்ணிப் பார்த்தனான். ஒண்டு. ஒண்டுதானே எண்டு."

எழுத்தில் தர வேண்டும் என்றார்கள். கீழே மிஸ்ஸின் மேசையிலேயே இருந்து எழுதினேன். எனக்கு எழுத நேரம் எடுக்கும். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். அங்கியைக் கழற்றியது, பறவைக்காகச் செய்தது, ஆமை, ஓம் என்று பொய் சொன்னது எல்லாம் எழுதினேன். குனிந்து ஆமையைத் தூக்கும்போது விமானம் வந்தது, அது மேலே எழும்பியதும் ஓடிவிட்டேன் என்று முடித்தேன். மேலதிகாரி அதை வாங்கி மிஸ்ஸிடம் கொடுத்தார். அவர் கண்டதும் நான் எழுதியதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒத்துப்போனால் குழுவுக்கு வேலை இல்லை.

அவர் இரண்டு தரம் வாசித்தார். மேலதிகாரி தொலைபேசி எடுக்க வெளியே போனார்.

"நீங்கள் குனிஞ்சுகொண்டு நிண்டதா எழுதியிருக்கிறீங்கள்," என்றார், குரலைத் தாழ்த்தி.

"ஓம் மிஸ்."

"நான் கண்ட ஆள் நிமிர்ந்து நிண்டது. என்னைப் பார்த்துக்கொண்டு."

நான் யோசித்தேன். ஆமையைத் தூக்கிய பிறகு நிமிர்ந்திருக்க வேண்டும்தானே? ஆனால் நான் பார்த்தது வெளிச்சத்தை. கோபுரம் எனக்குப் பக்கவாட்டில்.

"விமானம் போன பிறகும் அது ஓடேல்ல அண்ணை," என்றார். "அங்கேயே நிண்டது. நான் அஞ்சு ஆறு எண்ணுமட்டும் நிண்டது. பிறகு மழை மறைச்சுது."

வெளியே மேலதிகாரியின் குரல் கேட்டது. அவர் கதைத்து முடித்துக்கொண்டிருந்தார். மிஸ் பேனாவைக் கையில் வைத்திருந்தார், மூடியைக் கழற்றவில்லை. அவருடைய கண் என்னைக் கேட்டது. ஒத்துப்போகவில்லை என்று அவர் எழுதினால், நாளைக்குக் குழு கூடும்.

"ஓம் மிஸ்," என்றேன். "நிண்டனான். பிறகுதான் ஓடினனான். எழுத மறந்துபோனன்."

தாளைத் திருப்பித் தந்தார். கடைசி வரிக்குக் கீழே, இடம் போதாமல், எழுத்தைச் சின்னதாக்கி அதையும் எழுதினேன்: நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையெழுத்து வைத்தார். அடுத்த திங்கள் திரும்பக் கோபுரத்தில் ஏறினார். என்னை ஓடுபாதையிலிருந்து எடுத்து வேலிக்கு வெளியே, பற்றை வெட்டும் வேலைக்கு விட்டார்கள். வேலை போகவில்லை. இப்போது மேலே இருப்பவர் கண்ணாடியை மாட்டினாலும், ஒவ்வொரு விமானத்துக்கும் முன் அதைக் கழற்றி வெறுங்கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். பொறியியலாளர்தான் அதை எழுதினாராம்.

மூதூர்க்காரரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீ நிண்டது சரி மச்சான்," என்றார். "அதுக்காக அவ நிக்கல்ல எண்டு ஆகுமா?"

நான் ஆமையோடு ஓடியது நினைவிருக்கிறது. சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. வெருளியின் தோளிலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தபோது நான் ஏற்கெனவே புல்லுக்குள் இருந்தேன். நின்றது நினைவில்லை, எவ்வளவு யோசித்தாலும் இல்லை. ஆனால் மிஸ் கண்டிருக்கிறார். அவருடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று கொழும்பு வைத்தியர் எழுதிக் கொடுத்த கடிதத்தை எனக்கும் காட்டினார்கள்.